நீளத்துக்குப் பத்து, குறுக்குக்கு ஏழு

கலைமதியின் வேலை இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதை அவளுடைய மகள் பிரியதர்ஷினி ஒரு வியாழக்கிழமை காலையில், இரண்டாவது இட்லிக்கும் மூன்றாவது இட்லிக்கும் நடுவில், போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்.

"எண்பத்தேழு பர்சன்ட்டாம் மா."

"என்னா எண்பத்தேழு?"

"மரத்துல பேட்டர்ன் செய்யிற வேலை மெஷினுக்குப் போயிடுறதுக்கு. ஏதோ வெளிநாட்டுக்காரங்க பக்கம். எல்லா வேலைக்கும் ஒரு நம்பர் போட்டிருக்காங்க. உன் வேலைக்குப் பக்கத்துல செவப்பு அம்புக்குறி, கீழ பாத்தாப்புல."

"எழுதுனவன் ஒரு நாளாச்சும் உளி புடிச்சிருப்பானா?"

"ஆளு எழுதல மா. கம்ப்யூட்டரே கணக்குப் போட்டிருக்கும்."

"அப்ப அதோட வேலைக்கு எத்தன பர்சன்ட்னு கேளு," என்று சொல்லி, கலைமதி சட்னிக் கிண்ணத்தை மகள் பக்கம் கொஞ்சம் வேகமாகவே தள்ளினாள்.

மகள் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்புக்குறியைப் பார்க்க அவளுக்குப் போன் தேவைப்படவில்லை. திங்கட்கிழமையே முதலாளி சவுரியப்பன் ஆபீசுக்குக் கூப்பிட்டு, மின்விசிறியைக் கூட்டி வைத்து, உட்காரச் சொல்லிவிட்டார். உட்காரச் சொன்னதுமே விஷயம் நல்லதில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

சவுரியப்பனின் பவுண்டரி இண்டூரிலிருந்து தர்மபுரி போகிற சாலையில் இருக்கிறது. இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றி, பம்புக்கும் மோட்டாருக்கும் ஆலை மெஷின்களுக்கும் வேண்டிய பாகங்களை வார்த்துக் கொடுப்பார்கள். வார்த்தெடுத்த பொருளைக் காஸ்டிங் என்பார்கள். மண்ணில் அச்சு விழ வேண்டுமானால், வார்க்கப் போகிற பொருளைப் போலவே மரத்தில் முதலில் ஒன்று செய்து மண்ணில் பதிக்க வேண்டும். அதுதான் பேட்டர்ன். பொருளுக்கு உள்ளே வயிறு போல வெற்றிடம் வேண்டுமென்றால், கெட்டி மண்ணில் ஒரு உருண்டை செய்து அச்சுக்குள் வைப்பார்கள். இரும்பு அதைச் சுற்றி ஓடி இறுகும். அந்த மண் உருண்டைக்குப் பெயர் கோர். கோர் அடிப்பது பெண்கள் வேலை. பேட்டர்ன் செய்வது ஆண்கள் வேலை. இப்படித்தான் எல்லாப் பவுண்டரியிலும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கலைமதி எட்டு வருஷம் கோர் அடித்தாள். பிறகு பழைய பேட்டர்ன்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போனாள். பெயின்ட் அடித்த கை பட்டி பார்த்தது, பட்டி பார்த்த கை உளி பிடித்தது. பேட்டர்ன் ரூமில் இருந்தவர் ஓய்வு பெற்றபோது வேறு ஆள் கிடைக்காத எரிச்சலில் சவுரியப்பன் அவளிடமே சாவியைக் கொடுத்தார். அதற்கும் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. புருஷன் தீர்த்தகிரி போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வருவான். அவன் வருகிறபோதெல்லாம் "எம் பொண்டாட்டி பேட்டர்ன் மேக்கர்" என்று டீக்கடையில் சொல்லாமல் இருக்கமாட்டான்.

அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஆபத்து. சவுரியப்பன் சொன்னது இதுதான்: ஓசூரில் ஒரு கம்பெனி இருக்கிறது, கம்ப்யூட்டரில் படம் போட்டு மெஷினால் பேட்டர்ன் வெட்டித் தருகிறார்கள். விரும்பினால் மெஷினையே இங்கே கொண்டுவந்து வைப்பார்களாம், ஆனால் ஓட்ட ஆள் எங்கே கிடைக்கும்? அதனால் அவர்களிடமே வாங்கிக்கொள்ளலாம். முதலில் ஒரு வேலை கொடுத்துப் பார்க்கிறேன். நன்றாக வந்தால் ஒன்றாம் தேதியோடு பேட்டர்ன் ரூமை மூடிவிடலாம்.

"ஒன்னைய நான் அனுப்ப மாட்டேன் கலை. பயப்படாத. கோர் ரூம்ல எடம் இருக்குது," என்றார்.

அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுட்டது. கோர் ரூமில் இருக்கிறவர்களை அவள் இளப்பமாக நினைக்கவில்லை. அவர்கள் எல்லாம் அவளுடைய தோழிகள். ஆனால் ஏறி வந்த படியைத் திரும்பக் காட்டி, இறங்கிப் போ, சோறு போடுகிறேன் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

சோதனைக்குக் கொடுத்த அந்த ஒரு வேலை, ஒரு பம்பின் மேல்மூடி. பாலக்கோட்டுக்கு வெளியே தக்காளிக் கூழ் செய்கிற ஆலை ஒன்றில் தண்ணீர் பம்பைப் பழுது பார்க்கத் தூக்கும்போது சங்கிலி வழுக்கி, மேல்மூடி கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. அடிப்பாதி பத்திரமாக இருந்தது. பம்பு செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. தண்ணீர் இல்லாமல் ஆலை ஓடாது. தக்காளி வரத்தோ உச்சத்தில் இருந்தது. மார்க்கெட்டில் விலை படுத்துவிட்டதால் ஆலைதான் கதி என்று விவசாயிகள் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரும்பு வேண்டுமானால் ஒரு வாரம் காத்திருக்கும், தக்காளி காத்திருக்காது.

அந்த மூடியை ஒரு காலத்தில் வார்த்ததே இந்தப் பவுண்டரிதான், சவுரியப்பனின் அப்பா காலத்தில். பரணில் தேடியபோது அதன் மரப் பேட்டர்ன் கிடைத்தது. ஒரு பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. ஓசூர் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் குரு அதைக் காரில் எடுத்துப் போனான். நல்லாயிருக்கிற பாதியை ஸ்கேன் செய்து, மறுபாதியைக் கம்ப்யூட்டரே கண்ணாடியில் தெரிகிற பிம்பம்போல் வரைந்துவிடும் என்றான். கலைமதியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போனபோது புதுப் பேட்டர்ன் வந்து மேசைமேல் உட்கார்ந்திருந்தது. மரம் இல்லை, ஏதோ மஞ்சள் நிறக் கெட்டிப் பலகை. ஒரு உளித்தடம், ஒரு மேடு பள்ளம் கிடையாது. அச்சு அடிக்கிற நஞ்சப்பன் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கலைமதியும் பார்த்தாள். குறை சொல்ல வேண்டும் என்றுதான் கிட்டே போனாள். போனவளின் கை தானாகவே அதைத் தடவியது. அவள் பத்து நாள் உப்புத்தாள் தேய்த்தாலும் அந்த வழவழப்பு வராது. அதை ஒப்புக்கொண்டபோது மனசு ரொம்பவும் சோர்ந்துவிட்டது.

எல்லாரும் டீக்குப் போனதும் அவள் மட்டும் ஸ்கேலை எடுத்தாள். பொறாமைதான், வேறென்ன. அளவிலாவது ஒரு நூல் தப்பாக இருக்காதா என்று ஒரு நப்பாசை.

பேட்டர்ன்காரர்களின் ஸ்கேல் கடையில் விற்கிற ஸ்கேல் இல்லை. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், மீட்டருக்குப் பத்து மில்லி. அதனால் அவர்களுடைய ஸ்கேலில் மீட்டர் என்று போட்டிருந்தால் உண்மையில் அது பத்து மில்லி கூடுதலாக இருக்கும். அந்தப் பொய் ஸ்கேலால் அளந்து செய்தால், இரும்பு சுருங்கி மெய்யான அளவுக்கு வந்து நிற்கும். கலைமதியிடம் மூன்று ஸ்கேல் உண்டு. ஒன்று சாதா. ஒன்று இரும்புக்கு. மூன்றாவது இரட்டைச் சுருக்கத்துக்கு. மூன்றும் பார்வைக்கு ஒரே அச்சு. அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றை எடுத்து நல்ல மரத்தைப் பாழாக்காத பேட்டர்ன்காரர் யாரும் இல்லை. கலைமதியும் மூன்று தரம் பாழாக்கியிருக்கிறாள்.

இரும்பு ஸ்கேலை வைத்தாள். மூடியின் நீளம் அறுநூறு காட்ட வேண்டும். அறுநூற்றெட்டை ஒட்டிக் காட்டியது.

மறுபடியும் ஸ்கேல் மாறிப்போச்சு என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தாள். இல்லை, இரும்பு ஸ்கேல்தான். திரும்ப வைத்தாள். அதே அறுநூற்றெட்டு. குரு திருப்பிக் கொண்டுவந்திருந்த பழைய மரத்தில் வைத்தாள். அதுவும் அறுநூற்றெட்டு. பிறகு ஒரு சந்தேகத்தில் இரட்டைச் சுருக்க ஸ்கேலை எடுத்துப் பழைய மரத்தில் வைத்தாள். மயிரிழை பிசகாமல் அறுநூறு. குறுக்கே வைத்தாள். நானூறு.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மரம் இரும்புக்காகச் செய்ததே இல்லை. அந்தக் காலத்தில் இந்தப் பம்பை நூற்றுக்கணக்கில் வார்த்திருக்கிறார்கள். மரம் தேய்ந்துபோகும் என்று, மரத்திலிருந்து அலுமினியத்தில் ஒரு பேட்டர்ன் வார்த்து, அந்த அலுமினியத்தை வைத்து இரும்பு வார்த்திருக்கிறார்கள். அலுமினியம் ஒரு தரம் சுருங்கும், இரும்பு ஒரு தரம் சுருங்கும். இரண்டுக்கும் சேர்த்து மரத்தைப் பெரிதாகச் செய்துவைத்திருக்கிறார்கள். மெஷின் அதை அப்படியே நகல் எடுத்திருக்கிறது. ஊற்றினால் மூடி எட்டு மில்லி பெரிதாக வரும். அடிப்பாதியில் உட்காரவே உட்காராது.

கலைமதிக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் நஞ்சப்பன் டீ டம்ளரோடு உள்ளே வந்தார். அவளை விடப் பதினைந்து வயது மூத்தவர். இந்தப் பவுண்டரியில் அவளுக்காக ஒரு வார்த்தை பேசுகிற ஆள். அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் டீயை நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"சொல்லாத," என்றார்.

"என்னாங்கண்ணா?"

"யாருகிட்டயும் மூச்சு வுடாத. நான் அச்சு அடிக்கிறேன், சனிக்கெழம ஊத்தட்டும். காஸ்டிங் வெளிய வரட்டும். மெஷினு லட்சணம் அப்பத் தெரியும் மொதலாளிக்கு. அப்பறம் ஒன்ன எவன் கோர் ரூமுக்கு அனுப்புறான்னு பாக்கலாம்."

அவள் யோசித்தாள். ஆசைப்பட்டாள் என்பதை மறைப்பானேன். அந்த டம்ளர் காலியாகிற வரைக்கும் நன்றாகவே ஆசைப்பட்டாள். சவுரியப்பனின் முகம் தொங்குவதையும், குரு மஞ்சள் பேட்டர்னைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறுவதையும் கண் குளிரப் பார்த்தாள். ஆனால் சனிக்கிழமை ஊற்றி, திங்கட்கிழமை தப்பென்று தெரிந்து, திரும்ப ஊற்ற இன்னொரு வாரம். அதுவரை தக்காளி என்ன ஆகும்? அவளுடைய சொந்தத் தம்பியே நாற்பது கிரேட்டை நிழலில் போட்டு ஈரச்சாக்கு மூடி வைத்திருக்கிறான். அதையும் விட, தெரிந்தே ஒரு தப்பு அளவு மண்ணில் இறங்குவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஆகாது. அது நல்ல குணம் என்றுகூடச் சொல்ல முடியாது; பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

"போங்கண்ணா, ஒங்க யோசனையும் நீங்களும்," என்று சொல்லிவிட்டு மூன்று ஸ்கேலையும் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள்.

அங்கே முதலாளியோடு உட்கார்ந்திருந்த குருவுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அவள் சொன்னதைக் கேட்டான். எழுந்து வந்து தானே அளந்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"சாரிங்க மேடம். இது அலுமினியத்துக்கான மாஸ்டர்னு எங்களுக்குத் தோணவே இல்லை," என்றான். பிறகு லேப்டாப்பைத் திறந்தான். ஒரு எண்ணை அழித்து இன்னொரு எண்ணைத் தட்டினான். திரையில் பம்பு மூடி கொஞ்சம் சிறுத்தது. "இந்த ஃபைலை அனுப்பிட்டா, ராத்திரியே வெட்டிடுவாங்க. நாளைக்கு மத்தியானம் இங்க இருக்கும் சார்."

சவுரியப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா கலை. ஒரு நிமிசம். நீயா இருந்தா இன்னேரம் புது மரம் தேடிக்கிட்டு ஓடியிருப்ப."

கலைமதி நின்ற இடத்திலேயே நின்றாள். நஞ்சப்பன் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று அப்போது நினைத்தாள். மெஷினின் தப்பை அவளே கண்டுபிடித்துக் கொடுத்து, அவளே அதைப் பாஸ் பண்ணவும் வைத்துவிட்டாள். தன் குழியைத் தானே வெட்டி, மண்வெட்டியையும் கழுவி வைத்தாயிற்று. திரும்பி வாசல் வரைக்கும் போனாள். போனவளுக்கு ஒன்று உறுத்தியது. குறுக்கே நானூறு. நீளத்தில் எந்தக் கணக்கோ அதே கணக்குக் குறுக்கேயும்.

திரும்பி வந்தாள். "தம்பி, குறுக்க எவ்வளவு போட்டீங்க?"

"எல்லாப் பக்கமும் ஒன்னுதாங்க. மீட்டருக்குப் பத்து."

"குறுக்க ஏழு போடுங்க."

"கலை, போதும்," என்றார் சவுரியப்பன்.

"இருங்க மொதலாளி. இந்த மரம் செஞ்சப்ப கோர் எதுல அடிச்சாங்க? சக்கர ஆலையிலருந்து மொலாசஸ் வாங்கியாந்து மண்ணுல கலந்து அடிச்சாங்க. நானே மொத ரெண்டு வருசம் அப்படித்தான் அடிச்சேன், கையெல்லாம் ஈ மொய்க்கும். அந்தக் கோரு இரும்பு சூட்டுல உள்ளாற வெந்து பொலபொலன்னு ஆயிடும். இரும்பு சுருங்குனா எடம் குடுக்கும். இப்ப நாம அடிக்கிறது சிலிகேட் மண்ணு, கேஸ் வுட்டு இறுக்குறது. கல்லு மாதிரி நிக்கும். இரும்பு குறுக்க சுருங்க வந்தா அது வுடாது. முழுசா பத்து சுருங்காது, ஏழோட நின்னுடும். பத்துன்னு போட்டீங்கன்னா மூடி குறுக்க அகலமா வரும்."

குரு அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஏழுன்னு எந்த புக்லங்க இருக்கு?"

"புக்குல இல்ல. வெளிய கெடக்குது. வாங்க."

பவுண்டரியின் பின்புறம் வேறு குறைகளுக்காகக் கழித்துப்போட்ட காஸ்டிங்குகள் கிடந்தன. மூன்று கியர் மூடிகளைத் துடைத்து வைத்தாள். அவற்றின் பேட்டர்னை ரூமிலிருந்து எடுத்துவந்தாள். குரு தன்னுடைய கருவியால் தானே அளந்தான். நீளத்தில் மூன்றும் சரியாகச் சுருங்கியிருந்தன. குறுக்கே முந்நூறு இருக்க வேண்டியது மூன்றிலும் முந்நூற்றொன்று. வெயிலில் உட்கார்ந்து இரண்டு தரம் அளந்தான். மூன்றாவது தரம் அளக்கவில்லை.

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டான்.

"யாரும் கேக்கல. நான் பேட்டர்ன் செய்யறப்ப குறுக்க கொறச்சுக்குவேன், அவ்வளவுதான். அந்த கியர் மூடி மட்டும் கோயமுத்தூர்லருந்து ரெடியா வந்த பேட்டர்னு. எட்டு வருசம் அந்த ரூமுல இருந்தவ தம்பி நான். காஸ்டிங் உள்ளாற மாட்டிக்கிட்ட கோர சம்மட்டியால ஒடச்சு எடுக்கிற கைக்கு, எந்தப் பக்கம் இறுகுதுன்னு தெரியாதா?"

சவுரியப்பனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அவர் மேல் குற்றமில்லை. ஒரே வார்ப்பு, ஒரே வாய்ப்பு. ஆலைக்காரர்கள் தினமும் நாலு தரம் போன் செய்கிறார்கள். "ஏழுன்னு போட்டு தப்பாப் போச்சுன்னா?"

"அன்னிக்கே கோர் ரூமுக்குப் போறேன். ஒரு பேச்சுப் பேச மாட்டேன். சரியா வந்துச்சுன்னா, நான் கேக்குறத நீங்க குடுக்கணும்."

"என்ன கேப்ப?"

"அப்பச் சொல்றேன்."

குரு நடுவில் நுழைந்தான். "சார், நான் ஏழே போடறேன். அளந்து பாத்தது நான்தான்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டாவது மஞ்சள் பேட்டர்ன் வந்தது. நஞ்சப்பன் "நீ பொழைக்கத் தெரியாதவ" என்று திட்டிக்கொண்டே, வாழ்நாளில் அடித்ததிலேயே நல்ல அச்சை அடித்தார். கோர் ரூம் பெண்கள் கோரைக் கைக்குழந்தையைப் போல ஏந்திவந்து உள்ளே இறக்கினார்கள். விஷயம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரும்பு ஊற்றியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றை யார் கண்டுபிடித்தார்களோ. காஸ்டிங் மண்ணுக்குள் ஆறிக்கொண்டிருந்தது. கலைமதி வீட்டில் ஆறாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏழா, ஏழரையா? கியர் மூடி சின்னது, பம்பு மூடி பெரியது. பெரியதில் கோர் தடிமன். இன்னும் இறுக்கிப் பிடித்து ஆறிலேயே நின்றுவிட்டால்? துவைத்த துணியையே திரும்ப வாளியில் போட்டு முக்கினாள்.

"என்னா மா ஆச்சு?" என்றாள் பிரியதர்ஷினி.

"தோத்துட்டா எனக்கு அந்த ரூமு இல்ல. அதான் ஆச்சு," என்றாள். சொன்ன பிறகு கொஞ்சம் அழுதாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துணியைப் பிழிந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை மண்ணை உடைத்தார்கள். கோரைத் தட்டி எடுக்க வழக்கத்தை விட அதிக நேரம் பிடித்தது; அந்த இறுக்கத்தைக் கேட்கக் கேட்க அவளுக்குத் தைரியம் வந்தது. சாதா ஸ்கேலை வைத்தாள். நீளம் அறுநூறு. குறுக்கே வைப்பதற்கு முன் ஒரு தரம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நானூறு. குரு குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "அக்கா" என்றான். மேடம் அக்காவானது அவனுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

அளவு சரி என்றால் போதுமா, உட்கார வேண்டுமே. அன்றைக்கே கடைசல் பிடித்து, துளை போட்டு, செவ்வாய்க்கிழமை காலை மினி லாரியில் ஏற்றினார்கள். நானும் வருவேன் என்று கலைமதி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சவுரியப்பனும் குருவும் காரில் பின்னால் வந்தார்கள். கூழ் ஆலை வாசலில் டிராக்டர்களும் பிக்கப் வண்டிகளும் சாலை வரைக்கும் நின்றன. கசிந்த தக்காளியின் புளித்த வாடை அடித்தது. வண்டியில் இருந்த இரும்பைப் பார்த்ததும் ஆட்கள் தாங்களாகவே ஒதுங்கி வழி விட்டார்கள்.

அடிப்பாதியைச் சுற்றி இருபத்துநாலு போல்ட்டுகள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. மூடியைச் சங்கிலியில் தூக்கி, அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். சவுரியப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார், மாதா பேர்தான். கலைமதி கண்ணை மூடவில்லை. இருபத்துநாலு போல்ட்டும் இருபத்துநாலு துளைக்குள் ஒன்றாக நுழைந்தன. தட்டவில்லை, நெம்பவில்லை, உரசவில்லை. டக்கென்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். கலைமதி குழாய் வாய் வழியாகக் கையை உள்ளே விட்டு இரண்டு பாதியும் சேர்கிற உதட்டை விரலால் தடவினாள். மேடு இல்லை. எங்கே சேர்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

ஆலை மெக்கானிக் நட்டுகளைக் கையாலேயே திருகினான். அரை மணி நேரத்தில் பம்பு ஓடியது. நடுக்கம் இல்லாமல், உறுமல் இல்லாமல் தண்ணீர் மேலே ஏறியது. வெளியே முதல் டிராக்டர் நகர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அந்த விசில் தனக்குத்தான் என்று கலைமதி எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ள அவளுக்கு முழு உரிமை இருந்தது. நெஞ்சு நிமிர்ந்து, கண் நிறைந்து, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அறிந்ததில்லை.

சவுரியப்பன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். பெரிய மனுஷன்தான், பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை. "நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன் கலை. ஓசூர் பேச்ச வுட்டுடலாம். ஒன் ரூமு அப்படியே இருக்கட்டும், நீ எப்பவும் போல மரத்துல செய்யி."

"வேணாங்க," என்றாள்.

அவர் திகைத்தார். குருவும் திரும்பிப் பார்த்தான்.

"நான் கேக்குறது அது இல்லீங்க. அந்த வழவழப்பு என் கைக்கு வராது, ஒரு ராத்திரியில வெட்டுறதும் என்னால ஆவாது. அத நான் பொய் சொல்ல முடியாது. மெஷினு வரட்டும். ஓசூர்ல வேணாம், என் ரூமுக்கு வரட்டும். நான் ஓட்டுறேன். என் கண்ணு பாக்காம ஒரு பேட்டர்னும் மண்ணுக்குப் போவக் கூடாது."

"கம்ப்யூட்டர் ஒனக்கு வருமா?"

"எந்த நம்பர் போடணும்னு எனக்குத் தெரியும். எந்த பட்டன்ல போடணும்னு இந்தத் தம்பி காட்டட்டும்."

சவுரியப்பன் குருவைப் பார்த்தார். குரு சொன்னான்: "பட்டன் கத்துக்க ஒரு மாசம் போதும் சார். நம்பர் கத்துக்கத்தான் எங்க கம்பெனியில ஆள் இல்லை. நாங்களே மாசம் நாலு வேலை இவங்ககிட்ட செக் பண்ண அனுப்புவோம்."

ஒன்றாம் தேதி மெஷின் வந்தது. லாரியிலிருந்து கிரேனில் இறக்கி, இரும்புக் குழாய்கள்மேல் உருட்டி, பேட்டர்ன் ரூம் வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எல்லாரும் முழித்தார்கள். வாசல் நாலு அங்குலம் குறைவு. தச்சரைக் கூப்பிடலாம், நாளைக்குத்தான் வருவார் என்றார் கணக்குப்பிள்ளை. அதுவரை வெளியே தார்ப்பாய் போட்டு மூடலாம் என்றார் சவுரியப்பன். மழை வந்தால் என்ன செய்வது என்று குரு கையைப் பிசைந்தான்.

கலைமதி உள்ளே போய் ரம்பத்தை எடுத்துவந்தாள். கதவைக் கழற்றி நஞ்சப்பனிடம் கொடுத்தாள். நிலையின் ஒரு பக்கக் கட்டையை மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு வெட்டினாள். வேப்பமரம், நன்றாக இறுகியிருந்தது. யாரையும் கை வைக்க விடவில்லை. கோர் ரூமிலிருந்து பெண்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். கட்டையை நெம்பி எடுத்தபோது சுவர்க் காரை கொஞ்சம் பெயர்ந்து அவள் தலையெல்லாம் வெள்ளையாக உதிர்ந்தது.

குழாய்கள் உருண்டன. மெஷின் உள்ளே போனது. கலைமதி முந்தானையால் தலையைத் தட்டிக்கொண்டு, அதற்கு முன்னால் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க அமுக்கணும் தம்பி?" என்றாள்.